பாதிக் கூடை

கடலுக்கு அடியில் வேலை பார்க்கிறவளுக்கு வாய் கிடையாது. இருக்கும், ஆனால் பிரயோசனம் இல்லை. அத்தனை ஆழத்தில் காற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு இறங்கினால் நெஞ்சு காகிதப் பொட்டலம் மாதிரி நசுங்கிப் போகும். அதனால் கம்பெனிக்காரன் காற்றை வெளியே எடுத்துவிட்டு, மூச்சுக்குத் தோதான ஒரு திரவத்தை நெஞ்சு நிறைய ஏற்றித்தான் ஆளை இறக்குவான். மீன் மாதிரி. மீன் எங்கே பேசுகிறது?

பேச்சுக்குத் தலைக்கவசம் இருந்தது. நாக்குவரை வந்த சொல்லை அது மண்டைக்குள்ளேயே பிடித்து, எழுத்தாக்கி, கயிற்றோடு பின்னிய கம்பி வழியாகக் கப்பலுக்கு அனுப்பும். மேலே இருந்து பேசினால் அது அதே கம்பியில் இறங்கி அவள் காதுக்குப் போகும். ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

தொம்மைக்கு இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது. நாற்பது வருஷத்துக்கு மேல் விசைப்படகில் கிடந்த ஆள். எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். 'சம்பளம் கொடுக்கிற கையைப் பார்க்காதே, அவனுடைய மற்றக் கை எங்கே இருக்கிறது என்று பார்' என்பது அவர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். அந்தப் பிள்ளை, சலேத், கரையோரம் பாசி எடுத்துப் பிழைத்தவள். கடல் சூடாகிப் பாசி வெந்து போனதும், ஆழத்தில் கறுப்புக் கல் பொறுக்குகிற இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். கல்லைப் பொறுக்குவது ஒரு பெரிய மெஷின். அதை மேய்ப்பது சலேத்தின் வேலை. மாடு மேய்க்கிற மாதிரிதான், மாடு மட்டும் இரும்பு.

அவள் சேர்ந்த மறு மாதமே தொம்மையும் அதே கப்பலில் கயிறு சுற்றுகிற வின்ச்சை இயக்குகிற வேலைக்கு வந்துவிட்டார். "எம் பிள்ள தொங்குற கயிறு எங் கையிலதான் இருக்கணும்" என்றார். எவனும் மறுக்கவில்லை. வின்ச்சில் அவருக்கு இணையாக அங்கே ஆளும் இல்லை.

பயிற்சியில் சலேத்துக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் 'முடிந்தது' என்று நினைக்க வேண்டும். அப்போதுதான் மெஷினுக்கு அவள் பேசி ஓய்ந்தாள் என்று தெரியும். தொம்மை இதைக் கேட்டதும் தாம்தூமென்று குதித்தார்.

"கடல்ல நின்னுக்கிட்டு அந்த வார்த்தைய வாயில எடுப்பியா? அரிசி தீந்தா நெறஞ்சிட்டுன்னு சொல்லுத ஆளுக நாம. வெளக்க அணைன்னு சொல்லமாட்டோம், குளிர வையின்னு சொல்லுவோம். நீ அங்கன போயி, முடிஞ்சுது முடிஞ்சுதுன்னு நாள் முழுக்க சொல்லப் போறியாக்கும்?"

"யப்பா, அது மெஷினுக்குப்பா."

"மெஷினுக்குச் சொன்னா கடலுக்குக் கேக்காதா? வாரேன்னு சொல்லு. நம்மாளுக சொல்லுதது அதான்."

அவளுடைய அம்மையின் ஜெபமாலையைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்கினார். சலேத் அன்றிலிருந்து ஒவ்வொரு பேச்சையும் 'வாரேன்' என்றுதான் முடித்தாள். மெஷின் அதையும் இன்னொரு சொல் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தது.

கம்பியைக் கவனிக்கிற இன்ஜினியர் பூங்கோதை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், கடலையே இந்த வேலைக்கு வந்துதான் பார்த்தாளாம். அவள் ஒருநாள் வின்ச் மேடைக்கு வந்து புகார் சொன்னாள்.

"ஐயா, உங்க பொண்ணு பேச்சு வால் இல்லாமயே வருதுங்க. அடுத்த பேச்சு வந்தாத்தான் முந்தின பேச்சோட வால் வருது."

"மாட்டுக்குத்தான் வால் வேணும். வேலை நடக்குதுல்லா?"

"நடக்குதுங்க. ஆனா ஒருநாள் சிக்கலாயிடும்."

"சிக்கலாவும்போது சொல்லு, பாப்போம்" என்று கயிற்றுக்கு மசகு போடத் திரும்பிவிட்டார். படித்தவர்களுக்கு வேலை இல்லாவிட்டால் வாலை எண்ணுவார்கள் என்பது அவர் எண்ணம்.

அந்த நாள் வந்தது. மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்று காலையிலேயே மணத்தது. மேற்கே வானம் கன்றிப்போய்க் கிடந்தது. மதியச் சோற்றைத் தின்றுவிட்டுத் தொம்மை கயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடியில் இருந்து ஒரு வெட்டு வந்தது. பெரிய மீன் தூண்டிலில் அடித்த மாதிரி. பிறகு கயிறு செத்துப் போனது.

கம்பி அறைக்கு ஓடினார். பூங்கோதை ஏற்கெனவே திரைக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் கப்பலின் மேலாளர் ரகோத்தமன். திரையில் இருந்ததைத் தொம்மை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'மெஷின் சாஞ்சிட்டு. எங் கால் அடியில மாட்டிக்கிட்டு. கயிறை நீங்க'

அவ்வளவுதான். அதற்குக் கீழே வெள்ளை.

"இழுக்கச் சொல்லுதா" என்றார் தொம்மை. கால் அதற்குள் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

"அதேதான்" என்றார் ரகோத்தமன். "ரூலும் அதான் பெரியவரே. அடிபட்டுப் பேச்சு நின்னா உடனே தூக்கணும். காத்து வேற வந்துட்டிருக்கு. போங்க, எடுங்க."

"எடுக்காதீங்க" என்றாள் பூங்கோதை. "பாதிதானுங்க வந்திருக்குது. இழுக்கச் சொல்றாளா, இழுக்காதேன்னு சொல்றாளான்னு யாருக்குத் தெரியும்?"

தொம்மை நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார். "மீதி எங்க?"

"கீழ இருக்குங்க. அவ தலைக்கவசத்துலயே இருக்கு."

"சொன்னது மேல வராம அங்கன என்ன செய்யுது? படுத்துக் கெடக்கா?"

"ஐயா, நீங்க கடல்ல மீன் பிடிச்சா ஒவ்வொரு மீனா கரைக்குக் கொண்டு போவீங்களா?"

"கூடை நெறஞ்சாக் கொண்டு போவோம்."

"அதேதானுங்க. அவ இடுப்புல இருக்கிற பேட்டரி சின்னது. எழுத்து எழுத்தா அனுப்பினா தீந்துடும். அதனால மெஷின் கூடையில போட்டு வைக்கும். நெறஞ்சா ஒரே தூக்கா மேல அனுப்பும். இல்லைன்னா அவ முடிந்ததுன்னு சொல்லணும், அப்பப் பாதிக் கூடையா இருந்தாலும் அனுப்பிடும். அவ சொல்றதில்லை. ஏன்னு எனக்குத் தெரியாதுங்க. எத்தனையோ தடவை கேட்டாச்சு, சிரிச்சுக்குவா."

ஏன் என்று அந்த அறையில் ஒருவருக்குத் தெரியும். அவர் திரையையே பார்த்தார்.

"கதை கேட்க நேரமில்ல பூங்கோதை" என்றார் ரகோத்தமன். "இன்னும் கொஞ்ச நேரத்துல கப்பல் ஆட ஆரம்பிக்கும். நாம இழுக்காட்டியும் கடல் இழுக்கும்."

தொம்மைக்கு மண்டைக்குள் இரண்டு சந்தேகங்கள் மல்லுக்கு நின்றன. மெஷினும் சலேத்தும் ஒரே கயிற்றில். இந்த ரகோத்தமன் தூக்கச் சொல்வது எம் பிள்ளையையா, கோடி ரூபாய் இரும்பையா? சரி, இந்தப் பெண் பொறுக்கச் சொல்கிறாளே, இவள் மட்டும் யார்? பிசகினால் இவளுக்கு என்ன, கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிடுவாள். கையோ இழு இழு என்று அரித்தது. ஆனால் பாரில், கடலடிப் பாறையில், மாட்டிய வலையை அவசரப்பட்டு இழுத்தவன் என்ன கொண்டு வருவான் என்பதும் அதே கைக்குத் தெரியும். வெறும் கயிற்றைக் கொண்டு வருவான்.

வின்ச் மேடைக்குப் போனார். ரகோத்தமன் நிம்மதியாக மூச்சு விட்டார். ஆனால் தொம்மை கயிற்றை இழுக்கவில்லை. கப்பல் ஆடினாலும் கீழே சுண்டாதபடி தாராளமாகத் தளர விட்டார், வின்ச் சாவியைப் பிடுங்கிச் இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பெரியவரே, என்ன பண்றீங்க?"

"சாவி எங்கிட்ட இருக்கட்டும் சார். எம் பிள்ள என்ன சொன்னான்னு தெரிஞ்ச பெறகு ஒமக்கும் சொல்லுதேன்." பூங்கோதையிடம் திரும்பினார். "கூடைய நெறப்பு."

"அவதானுங்க நெறப்பணும். அவ பேசினாத்தான் நெறையும்."

பூங்கோதை மைக்கில் பேசினாள். "சலேத், பூங்கோதை பேசறேன். உன் பேச்சு பாதிதான் வந்தது. முடிந்ததுன்னு ஒரு தடவை சொல்லு. அது போதும்." ஒரு பொத்தானைத் தட்டினாள், அவள் கூடை இறங்கியது.

திரை வெள்ளையாகவே இருந்தது. திரும்பவும் சொன்னாள். வெள்ளை.

"மயக்கமா இருக்கலாமுங்க. குளிர் ஏறினா மூளை மந்தமாயிடும். நீங்க பேசிப் பாருங்க. உங்க சத்தம்னா..."

தொம்மை மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வாய்க்கு நேரே சொன்னதை மட்டும்தான் அது எடுக்கும். அவருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. மகளிடம் உட்கார்ந்து பேசியே வருஷக் கணக்காகியிருந்தது. வந்தியா, தின்னியா, அவ்வளவுதான் பேச்சு.

"மக்கா, ஒங்கப்பன்தான். கேக்குதா? கேட்டா என்னமாவது சொல்லு. ஏச்சுன்னாலும் ஏசு. வாய வச்சுக்கிட்டு சும்மா இராத."

வெள்ளை.

"ஒனக்குக் கஸ்பாரு ஆட்டுக் கதை சொல்லட்டா? சின்னப்பிள்ளையில சொல்லுவம்லா. கஸ்பாரு கிறிஸ்மஸுக்கு வெட்டுததுக்கு ஒரு ஆடு வாங்குனான். வாங்கிட்டு வந்தவன் சும்மா கெட்டிப் போட வேண்டியதுதான? பிள்ளைய எல்லாம் சேந்து அதுக்குப் பேரு வச்சிட்டு. பேரு வச்ச ஆட்ட எவன் வெட்டுவான்..."

கதை சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பூங்கோதை பொத்தானைத் தட்ட, நிறுத்தித் திரையைப் பார்த்தார். கதை கேட்கிற பிள்ளை 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சலேத்துக்கு அந்தக் காலத்தில் கதை கிடையாது. அது அவர்கள் வீட்டுச் சட்டம். இப்போது ஒரு 'ம்' கூட வரவில்லை. ஆடு கோயிலுக்குப் போன இடம்வரை சொன்னார். வெளியே காற்று கொடிக்கம்பத்தைப் பிடித்து உலுக்கத் தொடங்கியது. ரகோத்தமன் வாசலில் போவதும் வருவதுமாக இருந்தார்.

பூங்கோதை மெதுவாகச் சொன்னாள், "அந்த வார்த்தையச் சொல்லச் சொல்லுங்கய்யா."

தொம்மை மைக்கை வாய்க்குப் பக்கமாக இழுத்துக்கொண்டார். பிறகு, "மக்கா, நான் சொல்லாதன்னு சொன்னம்லா, அந்த வார்த்த. அதச் சொல்லிரு. சத்தியம் எல்லாம் எம் மேல போட்டும். சொல்லிரு" என்றார்.

பூங்கோதை அவரைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே தொம்மைக்கு அவள் மேல் முதல் தடவையாக ஒரு இது வந்தது.

திரையில் எழுத்து ஏறவில்லை.

"செத்துட்டாளா?" என்றார், மைக்கை விட்டுத் திரும்பி. வானிலை கேட்கிற குரலில்தான் கேட்டார்.

"தெரியாதுங்க."

"வேற வழி?"

"ஒண்ணு இருக்குங்க." அவள் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனாள். "மேல இருந்து நாம கம்பிய மூடலாம். பிடுங்கறது வேற. பிடுங்கினா கூடையோட போயிடும். முறையா மூடினா, மூடறதுக்கு முந்தி இருக்கறத எல்லாம் கொட்டிட்டுத்தான் மூடும். ரெண்டு பக்கமும். அவ கடைசியாச் சொன்னது நமக்கு வந்துடும்."

"பெறகு என்னத்துக்கு இவ்வளவு நேரம் நின்ன?"

"மூடினா மறுபடி தெறக்க முடியாதுங்க. தெறக்கணும்னா தலைக்கவசம் நம்ம கையில இருக்கணும். அப்புறம் அவளுக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. உசுரோட இருந்தா, இருட்டுல தனியா... நாம என்ன பண்றோம்னே அவளுக்குத் தெரியாது."

ரகோத்தமன் குறுக்கே வந்தார். "வேண்டாம்மா. லைன் இருக்கிற வரைக்கும் ஒரு பிடி இருக்கு. அத மூடிட்டு வந்த பதிலும் ஒண்ணுமில்லன்னா? சாவியக் குடுங்க பெரியவரே, தூக்கிடலாம்." அந்த ஆளின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இரும்பை நினைத்துக் கலங்குகிற கண் அப்படி இருக்காது. தொம்மை அதைக் கவனித்தார். கவனித்தது அவருக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று. எதிரில் ஒரு திருடன் நின்றால் முடிவெடுப்பது சுலபம்.

கப்பல் ஒரு பக்கம் எழுந்து இறங்கியது. வின்ச் மேடையில் கயிறு முனகியது.

பூங்கோதையின் விரல் பொத்தான் மேல் இருந்தது. "நீங்க சொன்னாத்தானுங்க மூடுவேன். எனக்கு அந்த உரிமை இல்லை."

மகள் வாயால் சொல்லக்கூடக் கூடாது என்று தடுத்ததை இப்போது அவரே செய்யச் சொல்ல வேண்டும். தொம்மை இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, மைக் மேல் குனிந்தார்.

"சரி. மூடும்மா."

பொத்தான் அமுங்கியது. மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. திரையில் எழுத்துகள் திமுதிமுவென்று ஏறின.

'இழுக்காதீங்க. இழுத்தா மெஷின் பொரண்டு எம் மேல விழும். குட்டி மெஷின எறக்கி வலப் பக்கமா முட்டுக் குடுங்க. பெறகு இழுங்க. வாரேன். ம். ம். ம். ம். ம்'

'ம்' வரிசையாக வந்துகொண்டே இருந்தது. கஸ்பார் ஆடு வாங்கியதற்கு ஒரு 'ம்'. பிள்ளைகள் பேர் வைத்ததற்கு ஒரு 'ம்'. ஆடு கோயிலுக்குப் போனதற்கு ஒரு 'ம்'. கூடைக்குள் அத்தனையும் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்திருக்கிறது, நிறையவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிரு என்றதற்கும் ஒரு 'ம்'தான். தலையாட்டியிருக்கிறாள், சொல்லவில்லை.

தொம்மை சாவியை மடிப்பில் இருந்து எடுத்தார். இரண்டு தடவை தவறவிட்டார். ரகோத்தமன்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார். "நான் சொன்னபடி இழுத்திருந்தா..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை.

ஆள் இல்லாமல் மேலிருந்தே ஓட்டுகிற குட்டி மெஷின் இறங்கியது. அதன் விளக்கு வெளிச்சத்தில் சலேத்தின் காலும் சாய்ந்த இரும்பும் திரையில் தெரிந்தன. முகம் தெரியவில்லை. வலப் பக்கம் முட்டுக் கொடுக்க மிச்சப் பகல் முழுவதும் போயிற்று. காற்று முற்றுவதற்குள், பொழுது சாய்கிற நேரத்தில், தொம்மை கயிற்றை எடுத்தார். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் இருந்து தூக்குகிற மாதிரி எடுத்தார். மேலே வந்தவளின் நெஞ்சில் இருந்து திரவத்தை இறக்கியபோது ஒரு இருமல் இருமினாள். கப்பலில் இருந்த அத்தனை பேரும் அந்த இருமலைக் கேட்டுக் கைதட்டினார்கள். பூங்கோதை ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். தொம்மை போய் அவள் தலையில் கை வைத்து, "கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிராதம்மா" என்றார். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

கரையில் ஆஸ்பத்திரி. சலேத்தின் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அது கூடிவிடும் என்றார்கள். தொண்டை புண்ணாகி, பேச்சு பல நாள் கழித்துத்தான் வந்தது. வந்த பிறகும் அவள் அப்பனிடம் அதிகம் பேசவில்லை. நர்ஸிடம் பேசினாள், பார்க்க வந்த பூங்கோதையிடம் பேசினாள். தொம்மை வந்தால் சுவரைப் பார்த்தாள். வலியாக இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார்.

ஒரு காலையில் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"யப்பா. கீழ கெடக்கும்போது கடைசியா ஒரு சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"ஆடு கோயிலுக்குப் போச்சு. பெறகு சொல்லிரு சொல்லிருன்ன. எனக்கு வாய் வரல. பெறகு, சரி மூடும்மான்னு ஒரு சத்தம். அதுக்குப் பெறகு ஒண்ணுமே இல்ல. மூச்சுச் சத்தங்கூட இல்ல." சுவரில் இருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். "அது ஒன் சத்தம்."

தொம்மை டீ டம்ளரைக் கட்டிலோரத்து மேசையில் வைத்தார். இருக்கறத எல்லாம் கொட்டிட்டுத்தான் மூடும், ரெண்டு பக்கமும். அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அவர்தான் மகளுடைய கூடையை மட்டும் நினைத்தார். சிவப்பு விளக்கு எரிந்த மைக்குக்கு முன்னால் சொன்ன சொல், அவருடைய கூடையின் கடைசி மீனாகக் கீழே போயிருக்கிறது.

ரகோத்தமன் குரல் என்று ஒரு பொய் நாக்கு வரைக்கும் வந்தது. அந்த ஆள்தான் இங்கே இல்லையே.

"நாந்தான் மக்கா."

"அம்புட்டு நேரமும் கெடந்தேன். எங்கப்பனே மூடச் சொல்லிட்டான், கயித்த வெட்டிட்டுப் போயிட்டாங்கன்னு கெடந்தேன். குட்டி மெஷின் வெளிச்சம் வந்தப்ப, இரும்ப எடுக்க வந்திருக்குன்னுதான் நெனச்சேன்."

தொம்மை சொன்னார். கூடையைச் சொன்னார், பாதியில் நின்ற பேச்சைச் சொன்னார், அவள் கொட்டிய 'ம்' அத்தனையும் மொத்தமாக வந்து விழுந்ததைச் சொன்னார். மூடாவிட்டால் தன் கையாலேயே இழுத்து அவளைக் கொன்றிருப்பேன் என்றார். சத்தியம் வாங்கியது தப்பு என்றார். வாழ்நாளில் அவர் இவ்வளவு பேசியதில்லை. வார்த்தை தட்டியபோது கையால் கூடையை வரைந்து காட்டினார்.

"அவ்வளவுதான். எங்கிட்ட இனி ஒண்ணும் இல்ல மக்கா. முடிஞ்சுது."

அந்த வார்த்தை அவர் வாயில் இருந்து வந்ததைக் கேட்டு அவள் புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது.

"ம்" என்றாள்.

அதற்கு மேல் ஏதாவது வரும் என்று தொம்மை நின்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் டீ டம்ளரை எடுத்து நீட்டினார். சலேத் வாங்கக் கை நீட்டினாள். ஆனால் அவள் கண் டம்ளரில் இல்லை. அப்பனுடைய மற்றக் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.